வன்னியிலிருந்து கனடா வந்து ஐ.ரி. வேலை தேடுபவர்களுக்கு

கனடாவில் வந்து இறங்கி ஐ.ரி. துறையில் நுழைய நினைக்கிற எங்கள் பிள்ளைகளில் சிலர், மென்பொருள் எழுதுவது மட்டும்தான் ஐ.ரி. என்று நினைத்து நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக் களைத்துப்போகிறார்கள். வேறு சிலர் "முதலில் கடனைக் கட்டுவோம், பிறகு பார்க்கலாம்" என்று வெயர்ஹவுஸில் சேர்ந்து வருடக்கணக்காக அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இப்போதைக்குப் புதிய ஆள் ஒருவர் புரோகிராமராக நேரே உள்ளே போவது கடினம். ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு அப்படியில்லை. கொம்பனியில் வேலை செய்கிறவர்களின் கொம்பியூட்டர், பாஸ்வேர்ட், பிரிண்டர், இமெயில் தொல்லைகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கிற வேலை அது. பிறகு நெட்வேர்க், கிளவுட், சைபர் பாதுகாப்பு என்று போனவர்கள் பலர் அங்கேதான் தொடங்கினார்கள். இந்த வழிகாட்டியும் அந்த வேலையைக் குறிவைத்தே எழுதப்படுகிறது.

நான் இப்போது விடுமுறையில் வட்டக்கச்சியில் நிற்கிறேன். வீட்டுக்கு வருகிற பெற்றோர் கேட்பது, "மகன் ஸ்காபரோவில்தான் நிற்கிறான், என்ன படிக்கச் சொல்லலாம்?" என்பதைத்தான். படிப்புக்கு வருவோம். அதற்கு முதல், ஊரில் இருக்கிற நீங்கள் அவருக்காகச் செய்து கொடுக்கக்கூடியவை சில இருக்கின்றன. அவை பிந்தினால் அங்கே எல்லாம் பிந்தும்.

ஊரில் முடிக்க வேண்டியவை

2009 இடப்பெயர்வில் சேர்ட்டிபிக்கட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். சாதாரண தரம், உயர்தரப் பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் ஒன்லைனில் விண்ணப்பித்து எடுக்கலாம். வெளிநாட்டமைச்சின் சான்றுறுதி தேவைப்பட்டால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகர் வளாகத்திலோ படித்தவர்கள், பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்துக்கு இப்போதே விண்ணப்பித்து வைப்பது நல்லது. வவுனியா வளாகம் 2021இல்தான் தனிப் பல்கலைக்கழகமாகியது. அதற்கு முன் படித்தவரின் பட்டத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றே இருக்கும், அதை அப்படியே எழுத வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஐ.ரி. வேலைக்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது. ஆகவே ஊர்ப் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று பார்க்கும் பட்ட மதிப்பீட்டுக்குக் காசு கட்டிவிட்டு மாதக்கணக்கில் கை கட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. குடிவரவுக்கோ மேற்படிப்புக்கோ கேட்டால் செய்யுங்கள், ஹெல்ப் டெஸ்க் நேர்முகத்தில் அதைக் கேட்பது அரிது. அறிவியல்நகரில் பொறியியல் படித்தவர்களுக்கு இன்னொன்று: கனடாவில் 'எஞ்சினியர்' என்ற பட்டம் சட்டத்தால் காக்கப்பட்டது. மாகாணப் பதிவு இல்லாமல் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) எடுத்தவர்கள் அந்த எழுத்துகளை மட்டும் சீவியில் போட்டால் ரொறன்ரோவில் ஒருவருக்கும் விளங்காது. 5ஆம் மட்டம் என்றால் டிப்ளோமா, 6ஆம் மட்டம் என்றால் உயர் டிப்ளோமா என்று எழுதி, செய்முறையில் என்ன செய்தீர்கள் என்பதையும் சேருங்கள்.

பெற்றோர் நேரில் போய் வாங்கித் தரக்கூடிய மிகப் பெறுமதியான காகிதம், வேலை செய்த இடத்துக் கடிதம். புதுக்குடியிருப்பில் ஒரு கொமினிகேசன் கடையில் நின்று விண்டோஸ் போட்டுக் கொடுத்ததும், பிரிண்டர் திருத்தியதும், பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்பிக் கொடுத்ததும் வேலை அனுபவம்தான். அதைச் சின்ன விசயம் என்று மறைக்கிறவர்கள்தான் கூட. கடைப் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை என்பதெல்லாம் ஆங்கிலத்தில், முதலாளியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கடையை மூடினால் அந்தக் கடிதமும் இல்லை.

வாகனம் ஓடத் தெரிந்தவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உறுதிக் கடிதத்தையும் எடுத்து வாருங்கள். ஒன்ராறியோவில் ஓட்ட அனுபவத்தைக் காட்டினால் லைசென்ஸ் படிகளில் காத்திருக்கும் காலம் குறையும். கொம்பனிக்குக் கொம்பனி போய்த் திருத்துகிற வேலைகளுக்கு லைசென்ஸ் கேட்பார்கள்.

பெயர்ச் சிக்கல்

பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, சேர்ட்டிபிக்கட்டில் வெறும் முதலெழுத்து, வங்கியில் வேறு ஒழுங்கு. இப்படி இருந்தால் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை முழுக்க மனேஜர் உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடுவார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கொம்ப்ரியா (CompTIA, ஐ.ரி. சான்றிதழ் தரும் அமைப்பு) தேர்வுக்குப் பதிந்த பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துவராவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய காசும் போய்விடும். கனடாவில் கிடைத்த அடையாள ஆவணத்தில் எந்த ஒழுங்கில் இருக்கிறதோ, அதே ஒழுங்கைத் தேர்வு, வங்கி, வரி எல்லாவற்றுக்கும் பாவியுங்கள். சீவியிலும் லிங்க்டினிலும் கூப்பிடும் பெயரைப் போடலாம்.

என்ன படிப்பது, எதை விடுவது

கொம்ப்ரியா ஏ-பிளஸ் என்பது இந்த வேலைக்குப் பொதுவாகக் கேட்கப்படும் சான்றிதழ். இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள் வரை, 90 நிமிடம். 2025 மார்ச்சில் பாடத்திட்டம் மாறியது. இப்போது இருப்பவை 220-1201, 220-1202. பழைய 1101, 1102 புத்தகத்தை யாராவது மலிவாகத் தந்தால் அடிப்படைக்கு வாசிக்கலாம், அதை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகக் கூடாது. புரொபசர் மெசரின் வீடியோக்கள் யூடியூப்பில் இலவசம். கோர்செராவில் இருக்கும் கூகுள் ஐ.ரி. சப்போர்ட் சான்றிதழும் தொடக்கக்காரருக்கு நல்லது, காசு இல்லாதவர்கள் அங்கே நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோ பொது நூலக அட்டை எடுத்தால் லிங்க்டின் லேர்னிங் வகுப்புகளும் இலவசம். அட்டைக்கும் காசு இல்லை, முகவரியைக் காட்டினால் போதும். என்-பவர் கனடா என்ற தொண்டு நிறுவனம் ஜூனியர் ஐ.ரி. அனலிஸ்ட் பயிற்சியை இலவசமாகத் தருகிறது. தகுதி நிபந்தனைகளை வாசித்துப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

ஏ-பிளஸ் முடித்ததும் நெட்வேர்க்-பிளஸ், செக்யூரிட்டி-பிளஸ், அஷூர் என்று சான்றிதழ் சேர்க்கத் தொடங்காதீர்கள். நான் பார்த்த அளவில், கையால் எதையும் செய்து பார்க்காமல் நான்கு சான்றிதழ் வைத்திருப்பவரைவிட, ஒரே சான்றிதழோடு வீட்டில் ஒரு சின்ன சோதனைக்கூடம் போட்டவர் நேர்முகத்தில் நன்றாகக் கதைக்கிறார். அதற்குப் பெரிய செலவு இல்லை. 16 ஜிபி ராம் உள்ள பழைய லாப்டொப் ஒன்று, ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் இலவசமான விர்ச்சுவல் பொக்ஸ், மைக்ரோசொஃப்ட் 180 நாளைக்குப் பரீட்சார்த்தமாகத் தருகிற விண்டோஸ் சேர்வர், இவ்வளவும் போதும். கொம்பனியின் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் ஓரிடத்தில் வைத்து நடத்துகிற ஆக்டிவ் டைரக்டரி ஒன்றை அமையுங்கள். பத்துப் பயனர்களை உருவாக்கி, ஒருவரின் கணக்கைப் பிழையான பாஸ்வேர்ட் அடித்துப் பூட்டுங்கள், பிறகு திறவுங்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் ஒரு ஃபோல்டர் தெரியும்படி செய்யுங்கள். முதல் மட்ட ஹெல்ப் டெஸ்க்கின் அன்றாட வேலையில் பெரும் பங்கு இதுதான்.

நேர்முகத்தில் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி: "ஒருவர் போன் எடுத்து இன்ரநெற் வேலை செய்யவில்லை என்கிறார். என்ன செய்வீர்கள்?" ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வேன் என்று தொடங்கினால் அங்கேயே பாதி முடிந்தது. உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். எப்போது தொடங்கியது, வயரா வைஃபையா? பிறகு, கொம்பியூட்டரின் நெட்வேர்க் முகவரியைக் காட்டும் ஐபிகொன்ஃபிக் (ipconfig) கட்டளையை அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கொம்பியூட்டருக்கு, முகவரி கொடுக்கிற சேவையான டிஎச்சிபியிடமிருந்து (DHCP) முகவரி கிடைக்கவில்லை என்று விளங்கும். முகவரி சரி என்றால் முதலில் கேற்வேயை (வெளியே போகும் வழியான ரவுட்டரை) பிங் பண்ணுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று பாருங்கள், பிறகு இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8ஐ. இலக்கத்துக்குப் போகிறது, இணையத்தளப் பெயருக்குப் போகவில்லை என்றால் சந்தேகம், பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ் (DNS) மேல். இந்த ஒழுங்கை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடிக்கு முன்னால் என்றாலும் பரவாயில்லை.

ஆங்கிலம் பற்றி எங்கள் ஆக்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. உச்சரிப்பு பெரிய தடையில்லை, ரொறன்ரோவில் எல்லோருக்கும் ஏதோ ஒரு உச்சரிப்பு இருக்கிறது. தடை எழுத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு அழைப்பும் ஒரு ரிக்கெட்டாகப் பதியப்படும். பயனர் சொன்னது என்ன, நான் பார்த்தது என்ன, செய்தது என்ன, இப்போது நிலை என்ன என்று நாலைந்து வரியில் தெளிவாக எழுத வேண்டும். அடுத்த மட்டத்தில் இருப்பவர் உங்களைத் திரும்பக் கேட்காமல் தொடர முடிந்தால் அது நல்ல ரிக்கெட். தினமும் ஒன்று எழுதிப் பழகுங்கள், உங்கள் வீட்டு வைஃபை பிரச்சினையைப் பற்றியாவது.

கோபத்தில் கத்துகிற ஆளோடு பொறுமையாகக் கதைப்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பிரதேச செயலக வரிசையிலும் நிவாரண வரிசையிலும் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

நேரம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஊருக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. கிளிநொச்சியில் காலை ஆறு மணிக்கு அம்மா எழும்பிப் போன் எடுக்கும்போது அங்கே கோடையில் இரவு எட்டரை, மகன் புத்தகத்தோடு இருக்கக்கூடிய ஒரே நேரம். ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்தால், கிழமை நாளில் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள்.

சீவியும் அனுமதிகளும்

சீவியில் படம், பிறந்த திகதி, சமயம், அடையாள அட்டை இலக்கம், கல்யாணம் ஆனதா இல்லையா, எதுவும் வேண்டாம். ஊரில் இவையெல்லாம் போடுவது வழக்கம் என்பதால் சொல்கிறேன். தொடக்கக்காரருக்கு ஒரு பக்கம் போதும். "கனேடிய அனுபவம் இல்லை" என்று தயங்கவும் வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் பகிரங்க வேலை விளம்பரத்தில் கனேடிய அனுபவத்தை நிபந்தனையாகப் போட முடியாது. நேர்முகத்தில் வேறு விதமாகக் கேட்பார்கள்தான். அதற்குத்தான் அந்தக் கடைக் கடிதம்.

தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம்) 9இல் தொடங்கும், அதற்குக் காலாவதித் திகதி உண்டு. வேலை அனுமதி புதுப்பித்தால் அதையும் புதுப்பியுங்கள். மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான், முழுநேர ஹெல்ப் டெஸ்க் வேலையை அதற்குள் செய்ய முடியாது. கல்லூரியில் சேரப் போகிறவர்கள், அந்தப் பாடநெறிக்குப் படித்து முடித்தபின் வேலை அனுமதி கிடைக்குமா என்று காசு கட்டும் முன் பாருங்கள். 2024 நவம்பரிலிருந்து பாடத்துறை, மொழி நிபந்தனைகள் வந்துவிட்டன. அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் குடியேறிகள் சேவைகள் பெரும்பாலும் கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் கிடைக்கும். நூலகம் யாரிடமும் குடிவரவு நிலையைக் கேட்பதில்லை.

ஏமாற்றுகள்

பேஸ்மென்ற் வகுப்பு ஒன்றில் சில ஆயிரம் டொலர் வாங்கிக்கொண்டு, மூன்று வருட அனுபவம் இருப்பதாகச் சீவி செய்து, தெரிந்த ஒருவரைப் பழைய மனேஜராக நடிக்கவும் வைப்பார்கள். எங்கள் ஆக்கள்தான் நடத்துகிறார்கள், எங்கள் ஆக்கள்தான் மாட்டுகிறார்கள். வங்கி, காப்புறுதி நிறுவனங்கள் பின்னணிச் சோதனையை வெளி நிறுவனங்களிடம் கொடுத்துச் செய்விக்கின்றன. அகப்பட்டால் அந்த வேலை போவதோடு நிற்காது. தப்பினாலும், மூன்று வருட அனுபவக்காரரிடம் கேட்கும் வேலையை இரண்டாம் நாளே கேட்பார்கள். வேலை தருவதற்காக உங்களிடம் காசு கேட்கிற எவருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். முதல் ஹெல்ப் டெஸ்க் வேலை அதைவிடப் பெரிதாகக் கூட இராது. வெயர்ஹவுஸ் இரவு வேலையில் ஓவர்டைம் செய்கிறவர் உங்களைவிடக் கூட வீட்டுக்கு அனுப்புவார். கனடா வருவதற்காக ஏஜென்சிக்குப் பட்ட கடன் தலைக்கு மேல் இருப்பவர், வேலையை விடாமல் கிழமைக்கு எட்டுப் பத்து மணித்தியாலம் படிப்புக்கு ஒதுக்கி, தேர்வு முடித்தபின் மாறுவதுதான் புத்தி. முதல் வேலை கிடைத்தபின் ஒன்றரை வருடத்துக்குள் இரண்டாம் மட்டத்துக்கோ வேறு கொம்பனிக்கோ போகப் பாருங்கள். சம்பளம் ஏறுவது அங்கேதான்.

முதல் வேலை பெரும்பாலும் ஆள் சேர்க்கும் ஏஜென்சி ஊடாக ஆறு மாத ஒப்பந்தமாக வரும். கையெழுத்து வைக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ரி-4 (வேலை கொடுப்பவர் வருடா வருடம் தருகிற சம்பள வரிப் பத்திரம்) தருவார்களா, அல்லது உங்கள் பெயரில் கொம்பனி பதியச் சொல்கிறார்களா? ரி-4 என்றால் நீங்கள் ஊழியர். வேலைவாய்ப்புக் காப்புறுதியும் ஓய்வூதியப் பங்களிப்பும் சம்பளத்திலேயே கழிபடும், அவர்களும் தங்கள் பங்கைக் கட்டுவார்கள். கொம்பனி பதிந்தால் மணிக்கு இரண்டு மூன்று டொலர் கூடத் தெரியும், ஆனால் வரியும் கணக்காளர் கூலியும் உங்கள் தலையில். முதல் வேலைக்கு ரி-4ஐயே கேளுங்கள்.