சீமைக் கருவேலம் அகற்றும் களப்பணி: இராமநாதபுரக் கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீமைக் கருவேல ஒழிப்பில் ஈடுபடும் அமைப்புகள் செய்யும் முதல் தவறு, வேலையை ஏக்கர்க் கணக்கில் மட்டும் அளப்பது. இன்று எத்தனை ஏக்கர் முடிந்தது என்ற ஒரே கேள்வி மாலைதோறும் கேட்கப்படும் களத்தில், ஜேசிபி ஓட்டுநர் மரத்தைச் சாய்த்துக்கொண்டே போவாரே தவிர, தூரைத் தோண்ட நிற்கமாட்டார். இம்மரத்தின் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதி மண்ணில் தங்கிவிட்டால், ஒற்றைத் தண்டாக நின்ற மரம் அடுத்த மழைக்குப் பிறகு பல கிளைகள் கொண்ட புதராகத் துளிர்த்து, முன்பைவிட நெருக்கமான முள்ளாக நிற்கும். வெட்டியதனால் நிலம் மோசமாவது இப்படித்தான். ஆகவே கூலியையும் வாடகையையும் தூரோடு பிடுங்கிய மரங்களைப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

விறகை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கண்மாயைச் சுத்தம் செய்யச் சொல்வது இம்மாவட்டத்தில் பழகிப்போன ஏற்பாடு. செலவில்லாத வழி என்று தோன்றும். ஆனால் அவருக்குப் பயன்படுவது பருத்த தண்டு. கைப்பருமன்கூட இல்லாத கன்றுகளும் மண்ணுக்குள் இருக்கும் தூரும் அவருக்கு வீண்செலவு. ஒப்பந்தத்திலேயே தூர் அகற்றுவதைத் தனி வேலையாக எழுதி, மழைக்குப் பின் துளிர்ப்பைப் பார்வையிட்ட பிறகே வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதாக நிபந்தனை வைக்காவிட்டால், லாரிகள் போன பிறகு களத்தில் மிஞ்சுவது கட்டைகள்தான்.

நிதியைக் கோடையிலேயே முழுவதும் செலவழித்துவிடுவதும் இதற்கு நிகரான தவறே. கண்மாய்கள் வற்றியிருக்கும் மாதங்களில் இயந்திரம் இறங்க முடியும் என்பதால் பெருவேலை அப்போது நடப்பது இயல்பு. இப்பகுதிக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. மண்ணில் கிடந்த விதைகள் முளைப்பதும் தப்பிய தூர்கள் துளிர்ப்பதும் அதை ஒட்டித்தான். ஈரமண்ணில் முழங்கால் உயரத்துக்கும் குறைவான கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம். அந்த நேரத்தில் பணியாளர்கள் கலைக்கப்பட்டு, கணக்கு முடிக்கப்பட்டிருந்தால், கையால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டாண்டு கழித்து மீண்டும் ஜேசிபி வாடகை கொடுக்க நேரும். விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருப்பதால், ஒருமுறை செலவிட்டு முடியும் திட்டமாக இதை எழுதுவதே சரியல்ல; குறைந்தது மூன்று மழைக்காலக் களையெடுப்புக்குத் தொகை ஒதுக்கியிருக்க வேண்டும்.

இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. கடினத்தோல் கொண்ட விதைகளில் பல செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவருகின்றன. ஆகையால் ஒருபுறம் சுத்தம் செய்துகொண்டே, பக்கத்துப் புதரில் நெற்று தின்ற மந்தையை மறுபுறம் மேயவிடுவது பயன் தராது. ஆட்டுக் கிடை போடும் மேய்ப்பர்களான கீதாரிகளிடம் முன்கூட்டியே பேசி, சுத்தம் செய்த நிலத்தை எப்போது தவிர்ப்பது என்று உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் வராதபடி வேலி போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் மேய்ச்சல்காரர்களோடு ஊர்ப்பகையைத்தான் சம்பாதிப்பார்கள்.

முள் இருப்பதெல்லாம் சீமைக் கருவேலம் என்று கருதி, குடை விரித்தாற்போல் நிற்கும் நாட்டு உடையையும், நாட்டுக் கருவேலத்தையும், வன்னியையும் சேர்த்துச் சாய்ப்பது மன்னிக்க முடியாத தவறு. சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிராகவும் நெற்று வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணிமணியாகக் கோத்தது போல இருக்கும். வன்னிக்கும் கதிர்ப் பூ என்பதால் குழப்பம் அங்கேதான் அதிகம். அதன் நெற்று மெலிந்து உருளையாக இருப்பதைப் பார்த்து அறியலாம். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவரோடு நடந்து, விட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பது போதும். புதருக்குள் மறைந்திருக்கும் பனை வடலிகளையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

நிலம் யாருடையது என்பதைப் புலப்படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யாமல் இயந்திரத்தை இறக்கக் கூடாது. ஊராட்சி ஒன்றியக் கண்மாய், நீர்வளத்துறைக் கண்மாய், பட்டா நிலம், வனத்துறை நிலம் ஆகியவை அடுத்தடுத்துக் கிடக்கும் இடங்களில் அனுமதியும் வெவ்வேறு. 2022 இல் ராம்சர் தலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்ட சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களில், கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் எந்த வேலையும் வைக்கக் கூடாது. மற்றப் பருவங்களிலும் வனத்துறையின் அனுமதியோடு, நாட்டு மரங்கள் வளர வளரச் சீமைக் கருவேலத்தைப் படிப்படியாகவே அகற்ற வேண்டும். தனுஷ்கோடி போன்ற மணற்பகுதிகளில் ஜேசிபி வேண்டவே வேண்டாம். அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேட்டை அதன் சக்கரம் உடைத்துவிடும். ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் அந்தச் சேதம் இன்னும் கூடும்.

பணியாளர் பாதுகாப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், டயரையும் துளைக்கும். கனமான காலணி, கண்ணாடி, கையுறை, டெட்டனஸ் ஊசி, போதிய குடிநீர் ஆகியவை முதல் நாளிலேயே இருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டுவேலை முடிய வேண்டும்.

கடைசியாக, கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைத் திட்டத்துக்கு வெளியே வைப்பதும் தவறு. பயிர் பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது இந்த மரம்தான் என்பதால், ஒழிப்பு என்ற சொல்லை அவர்கள் ஐயத்தோடு கேட்பதில் நியாயம் உண்டு. தூரைக் கடப்பாரையால் முழுதாகத் தோண்டி எடுக்கத் தெரிந்தவர்களும் அவர்களே; தூர்க்கட்டை கரிக்கு உதவுவதால் அதை மண்ணில் விட்டுப்போக அவர்களுக்குக் காரணமும் இல்லை. எந்தப் பகுதி எந்த ஆண்டில் அகற்றப்படும், அங்கிருந்து கிடைக்கும் கட்டை யாருக்கு, அது தீர்ந்த பிறகு எந்த வேலை என்பவற்றை இயந்திரம் வருவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.