புலம்பெயர்வுப் பாடமா? பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள்

ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்குப் புலம்பெயர்வு வரலாறு சொல்ல வரைபடமும் அம்புக்குறியும் போதாது. சென்னைப் பள்ளி என்றால் ஒரு சாயங்காலம் பீச் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள். எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனதும், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்கள் பிழைக்க 1969இல் உருவானதுதான் இந்தக் கடைவரிசை.

பக்கத்திலேயே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலவை விற்கும் கடைகள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் கதை மனசில் நிற்கும். (காரம் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.)

போவதற்கு முன்பே ஒரு வீட்டுப்பாடம்: தாத்தா பாட்டி எந்த ஊர், ஏன் கிளம்பினார்கள், வரும்போது கையில் என்ன கொண்டுவந்தார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். தகரப்பெட்டி, அம்மி, பழைய போட்டோ என்று ஏதாவது வெளியே வரும். ரங்கூன் இல்லாவிட்டாலும் ராமநாதபுரம் வரும், அதுவும் புலம்பெயர்வுதானே.

ஒன்றில் மட்டும் கவனம். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். யாரையும் எழுந்து நின்று சொல்ல வைக்காதீர்கள். விரும்பினால் எழுதித் தரட்டும்.

அப்புறம், அங்கே நெரிசல் அதிகம். துணைக்குப் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.