கர்ப்ப காலத்தில் ஜிங்க்: சாப்பிட்டது உடலில் சேர என்ன செய்யலாம்?

கருவில் செல்கள் பெருகும்போது ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ படியெடுக்கப்பட வேண்டும். அதற்கு ஜிங்க், அதாவது துத்தநாகம், தேவை. இரும்புச்சத்தைப் போல உடல் இதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. அன்றாடம் சாப்பாட்டில் வந்தாக வேண்டும்.

19 வயதைக் கடந்த கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 11 மி.கி. என்பது அமெரிக்கப் பரிந்துரை. தானியமும் பருப்புமே பிரதான உணவு என்றால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 2.5 மி.கி., பூசணி விதை 30 கிராமில் 2 மி.கி.க்குச் சற்று மேல், ஒரு கப் பாலில் 1 மி.கி., முட்டை ஒன்றில் அரை மி.கி.க்குச் சற்று மேல் கிடைக்கும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியில் இருப்பது எளிதில் உறிஞ்சப்படும்.

பலரும் கோட்டைவிடுவது உறிஞ்சுதலில்தான். பருப்பு, விதை, முழுத்தானியங்களில் இயல்பாகவே உள்ள பைட்டேட் என்ற பொருள், ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலைத் தாண்ட விடாது. முளைகட்டினால் தானியத்திலேயே இருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி பைட்டேட்டை உடைக்கும். கொண்டைக்கடலையை 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஈரத்துணியில் கட்டி, துணி காயாமல் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். வேகவைக்காத முளையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பதே நல்லது. மாவைப் புளிக்கவைத்தாலும் பைட்டேட் குறையும்.

இரும்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? 25 மி.கி.க்கு மேல் இரும்பு ஒரே நேரத்தில் போனால் ஜிங்க் உறிஞ்சப்படுவது குறையும். மாத்திரையை இரண்டு உணவுகளுக்கு நடுவே எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தனி ஜிங்க் மாத்திரை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஆய்வுகளுக்கு வெளியே அதைப் பரிந்துரைக்கவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அட்டையைக் கவனமாகப் படியுங்கள்: 220 மி.கி. ஜிங்க் சல்ஃபேட்டில் உண்மையான ஜிங்க் சுமார் 50 மி.கி. ஒரு நாளுக்கான உச்சவரம்பான 40 மி.கி.யை அதுவே தாண்டிவிடுகிறது. அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறையும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மசக்கை இருப்பவருக்கு அது பெரும் தொல்லை.

இரத்தப் பரிசோதனையில் ஜிங்க் குறைவாக வந்தால் உடனே பதறாதீர்கள். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் அளவு இயல்பாகவே இறங்கும். நீண்டநாள் வயிற்றுப்போக்கு, குடல் நோய், எடை குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் முதல் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.