தாங்கி நிரம்பினால் கூப்பிடும் சுற்று

ஆடி, ஆவணியில் கிணறு அடிமட்டத்தில் கிடக்கும்போது தண்ணீர்த் தாங்கி நிரம்பி முற்றத்தில் வழிவதைப் பார்த்தால் வன்னியில் யாருக்கும் வயிறு எரியும். அதைத் தடுக்க அர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை எல்லாம் வேண்டாம். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் பிசி 547 ட்ரான்சிஸ்டர், இரண்டு தடையிகள், பஸர், சுவிட்ச், 9 வோல்ட் பற்றரி போதும். பற்றரியில் நேரே தொட்டதும் கத்துகிற பஸராகப் பார்த்து வாங்குங்கள். மற்ற வகை இதற்கு உதவாது.

ட்ரான்சிஸ்டரின் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கடைக்காரர் அதற்குப் பதிலாக சி 945 தந்தாலும் வாங்கலாம். உருவம் ஒன்றுதான், ஆனால் கால்களின் ஒழுங்கு எமிட்டர், கலெக்டர், பேஸ்.

பற்றரியின் நேர் முனையைச் சுவிட்சுக்குக் கொடுங்கள். அங்கிருந்து ஒரு வயர் பஸரின் நேர்க் காலுக்கு, இன்னொன்று தாங்கியில் தண்ணீர் தொடுவதற்காக வைக்கும் இரு உலோக முனைகளில் முதலாவதுக்கு. பஸரின் மறு கால் கலெக்டருக்கு. தாங்கியின் இரண்டாம் முனை 10 கிலோ ஓம் தடையி வழியாகப் பேஸுக்கு. எமிட்டர் பற்றரியின் மறை முனைக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் 100 கிலோ ஓம்.

இந்தக் கடைசித் தடையியை வீண் என்று விட்டுவிடாதீர்கள். தாங்கியிலிருந்து குசினி வரை ஓடும் நீண்ட வயர் பக்கத்து மின்கம்பிகளின் இரைச்சலையும் இழுத்து வரும். தடையி இல்லாவிட்டால் தண்ணீரே இல்லாமல் பஸர் முனகலாம். நிறக்கோடுகளையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 10 கிலோ ஓமுக்கு மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள். 100 கிலோ ஓமுக்கு மண்ணிறம், கறுப்பு, மஞ்சள். இரண்டும் இடம் மாறினால் பஸர் அநேகமாக வாயே திறக்காது.

ஒரு குவளை கிணற்றுத் தண்ணீரில் தாங்கிக்கான இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள், பஸர் கத்த வேண்டும். உப்புப் போட்டுச் சோதிக்க வேண்டாம். உங்கள் தாங்கிக்குள் உப்புத் தண்ணீரா நிற்கப்போகிறது?

சுற்று இவ்வளவுதான். தொல்லை தாங்கிக்குள்தான். வெறும் செப்புக் கம்பியை விட்டால் நேர்ப்பக்கக் கம்பி மின்பகுப்பால் அரிபட்டுப் பச்சை பிடிக்கும். முனைகளாகத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகள் இரண்டை பி.வி.சி. குழாய்த் துண்டொன்றில் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் பூட்டுங்கள். ஒரு முனையை அடியிலும் மற்றதை மேலேயும் தொங்கவிடச் சொல்லும் படங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டையுமே நிரம்பும் மட்டத்தில் வைத்தால் பெரும்பாலான நேரம் காய்ந்தே இருக்கும், அரிப்பும் குறையும். தண்ணீர் விழும் குழாய்க்கு எதிர்ப்பக்கம் பொருத்துங்கள், தெறிக்கும் துளிகள் ஏமாற்றாது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு திருகாணியிலும் ஏறும். அதை இடையிடையே எலுமிச்சம்புளியால் தேய்த்துக் கழுவுங்கள்.

பற்றரிக்குப் பதிலாக மலிவான அடாப்டர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடாதீர்கள். உள்ளே காப்புப் பழுதானால் வீட்டு மின்சாரம் தாங்கித் தண்ணீருக்கே வந்துவிடும்.

பின்னிணைப்பு: கூரை மழைநீரைத் தாங்கியில் சேர்க்கும் ஒருவர், மாரியில் பஸர் மெதுவாகத்தான் ஒலிக்கிறது என்று எழுதியிருந்தார். மழைநீரில் கரைந்த உப்புகள் குறைவு, ஆகவே மின்சாரம் கடப்பதும் குறைவு. முதலில் திருகாணிகளை நெருக்கிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு பிசி 547 சேர்க்கலாம்: முதலாவதின் எமிட்டரை மறை முனையிலிருந்து கழற்றி இரண்டாவதின் பேஸுக்குக் கொடுத்து, கலெக்டர்கள் இரண்டையும் ஒன்றாக இணையுங்கள். இரண்டாவதின் எமிட்டர்தான் இனி மறை முனைக்குப் போகும். 100 கிலோ ஓம் தடையியின் ஒரு கால் முதலாவதின் பேஸில் இருக்க, மறு காலும் மறை முனைக்கே போக வேண்டும்.