கிறிஸ்மஸ் லீவுல குறுநாவல் வாசிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

அரைப்பரீட்சை லீவு விட்டாச்சுன்னா எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் "இந்த லீவுக்கு ஒரு புக்காவது முடிக்கணும்"னு நிறைய பேரு சொல்லுவாங்க, பெரிய நாவல எடுத்தா ஈஸ்டர் வந்தாலும் முடியாதுன்னு பயந்து நூறு நூத்தம்பது பக்கத்துல ஏதாவது இருக்கான்னு தேடுவாங்க. நல்ல யோசனதான். ஆனா சின்ன நாவல்னா சின்ன வேலைன்னு நினைக்கிறாங்க பாருங்க, பாதித் தப்பு அங்கேயே தொடங்கிருது.

இதுல ரொம்பப் பெரிய தப்பு, கேப் கிடைக்கும்போதெல்லாம் ரெண்டு ரெண்டு பக்கமா வாசிக்கிறது. முந்திரிக்கொத்துக்குப் பாகு காயுற நேரத்துல ரெண்டு பக்கம், கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைங்க வர்றதுக்குள்ள மூணு பக்கம், அப்புறம் நாலு நாள் கழிச்சு மிச்சம். பெரிய நாவல் எழுதுறவங்க நம்ம மறதியையும் கணக்குல வச்சுதான் எழுதுவாங்க, ஒரு ஆளப் பத்தி நாலு இடத்துல சொல்லி ஞாபகப்படுத்திக்கிட்டே போவாங்க. குறுநாவல்ல அதுக்கு இடமே கிடையாது, ஒரு விஷயத்த ஒரு தடவ சொல்லிட்டு, நமக்கு ஞாபகம் இருக்கும்னு நம்பி மேல போயிருவாங்க.

அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகன் எழுதின 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' 2021ல வந்துச்சு, அடுத்த வருஷம் புக்கர் பரிசோட குறும்பட்டியல்லயும் இருந்துச்சு. 1985 கிறிஸ்மஸ் சமயம், அயர்லாந்துல ஒரு சின்ன டவுன், கரியும் விறகும் விக்கிற ஒரு ஆளு, அவருக்கு அஞ்சு பொம்பளப் பிள்ளைங்க. அப்பா யாருன்னே தெரியாம வளந்தவரு, சின்ன வயசுல கிறிஸ்மஸுக்கு ஒரு ஜிக்சா, அதாவது துண்டுகளச் சேத்து படமாக்குற விளையாட்டு, ஆசப்பட்டாரு, பண்ணைப் படம் போட்டது, கிடைக்கல. இது போற போக்குல வருது. ரொம்ப பின்னாடி, அவரு வளந்து குடும்பஸ்தனா ஒரு கடைக்குள்ள நின்னு அதே மாதிரி ஜிக்சா இருக்கான்னு கேக்குறாரு. அந்தக் கேள்வி உங்க நெஞ்சுல போய் விழணும்னா முந்தின பக்கம் இன்னும் மனசுல சூடா இருக்கணும். நாலு நாள் இடைவெளி விட்டா "ஏதோ சாமான் வாங்குறாரு"ன்னு தாண்டிப் போயிருவீங்க, போனது போனதுதான்.

அதனால நாளப் பாத்து எடுங்க. 24ம் 25ம் வேண்டவே வேண்டாம், ராத்திரி கோயிலு, காலைல விருந்து, சொந்தக்காரங்க வரவு, அதெல்லாம் நல்லா அனுபவிக்க வேண்டிய நேரம், அதுக்கு நடுவுல புக்க வச்சுக்கிட்டு மூலைல உக்காந்தா ரெண்டும் கெடும். 26, 27ல ஒரு மத்தியானம் போதும். ரப்பர் வெட்டுள்ள வீடுன்னா பால் எடுத்து ஷீட் அடிச்சுப் போட்டு குளிச்சிட்டு உக்காருங்க, மூணு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டாங்க. ஃபோன் வேற ரூம்ல இருக்கட்டும், சைலண்ட்ல பக்கத்துல வச்சா கை தானா போகும்.

அடுத்தது, கிறிஸ்மஸ்னா சந்தோஷமான கதைதான் வேணும்னு எடுக்கிறது. இந்த அயர்லாந்துக் கதைய கேக்கும் ஸ்டாரும் எதிர்பாத்து எடுத்தா ஏமாந்து போவீங்க, ஏன்னா அந்தக் கரி வியாபாரி கன்னியர் மடத்துக்கு லோடு இறக்கப் போன இடத்துல கரி ஷெட்டுக்குள்ள ஒரு பொண்ணப் பூட்டி வச்சிருக்கிறதப் பாக்குறாரு. பொண்ணுங்கள அடைச்சு வச்சு சம்பளம் இல்லாம துணி துவைக்க வச்ச மக்தலேன் சலவைக்கூடங்கன்னு நிஜமாவே அங்க இருந்துச்சு, கன்னியர் மடங்கதான் நடத்துனாங்க, கடைசியா ஒண்ண மூடினதே 1996லதான், 2013ல அந்த நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்துல மன்னிப்பு கேட்டாரு. நம்ம ஊர்ல சிலருக்கு இதக் கேட்டதும் "சபைய குத்தம் சொல்ற புக்கு"ன்னு தோணும், அப்படி ஒதுக்காதீங்க. ஊரே பாத்தும் பாக்காத மாதிரி போற ஒரு விஷயத்துக்கு முன்னாடி தனி ஆளா நின்னு முடிவெடுக்கிறத விட கிறிஸ்மஸுக்குப் பொருத்தமான கதை எனக்குத் தெரியல. இந்தச் சரித்திரத்த விவரமா தேடிப் படிக்கிறத மட்டும் நாவல முடிச்ச பிறகு வச்சுக்கோங்க. சினிமாவும் அப்படித்தான், 2024ல இது படமா வந்துச்சு, முதல்ல படத்தப் பாத்துட்டா அந்த ஆளுக்கு நீங்க மனசுல ஒரு மூஞ்சி குடுக்கவே முடியாது.

மலையாள எழுத்தாளர் பஷீரோட 'மதிலுகள்' எடுத்தாலும் இதே கதைதான், அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படம் இருக்குன்னு நேரா அதுக்குப் போயிராதீங்க. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்துல அரசாங்கத்த எதுத்து எழுதினதுக்கு பஷீர் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஜெயில்ல கிடந்தாரு, நமக்கு ஒரு பஸ் தூரம்தான். நாவல்ல மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஜெயில், அங்க நாராயணி. முகமே பாக்காம ரெண்டு பேரும் பேசுவாங்க. தான் வந்து நிக்கிறத காட்ட அவ ஒரு காஞ்ச சுள்ளிய மேல எறிவா, இவரு அது மதிலுக்கு மேல எழும்புதான்னு வானத்தப் பாத்துக்கிட்டே நடப்பாரு. அவ்வளவுதான் சம்பவம். அவசரமா ஓட்டினா "ஒண்ணும் நடக்கலியே"ன்னு தோணும், பைய வாசிச்சா அந்தச் சுள்ளிக்காக நீங்களும் காத்துக்கிட்டு இருப்பீங்க.

முடிவ முதல்ல புரட்டிப் பாக்குறவங்களும் உண்டு. டால்ஸ்டாய் 1886ல எழுதின 'இவான் இலியிச்சின் மரணம்' தலைப்புலேயே முடிவ சொல்லிருது, முதல் அத்தியாயத்துல ஆளு செத்த செய்தியும் வந்துருது. அப்புறமும் கீழ வைக்க முடியல. குறுநாவலோட பலம் கடைசிப் பக்கத்துல மட்டும் இல்ல, ஆனா அதுக்காக நீங்களா புரட்டாதீங்க, எந்த வரிசைல சொல்லணும்னு எழுதினவங்க யோசிச்சுதான் வச்சிருக்காங்க. நீளமான முன்னுரையும் அப்படியே, கதைய முடிச்சிட்டு வாங்க.

எனக்கு மனசுல ரொம்ப உறுத்துறது வேற ஒண்ணு. வெளிநாட்டு புக்கெல்லாம் தேடி வாங்குறவங்க ஹெப்சிபா ஜேசுதாசனோட 'புத்தம் வீடு' வாசிச்சிருக்க மாட்டாங்க. 1964ல வந்தது, இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவங்க எழுதினது, பனையேறிகளும் கிறிஸ்தவக் குடும்பங்களும் உள்ள நம்ம தென் திருவிதாங்கூர் மண்ணு. நல்லா படிச்சுக்கிட்டிருந்த லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடத்த நிறுத்தி வீட்டுக்குள்ள வச்சிருவாங்க, அதுக்கு ஹெப்சிபா அம்மா ஒப்பாரியெல்லாம் வைக்கல, அடங்கின குரல்ல சொல்லிக்கிட்டே போவாங்க, அதனாலதான் தாங்க முடியாம இருக்கும். இதுல பேச்ச எல்லாம் கண்ணால மட்டும் ஓட்டிராதீங்க. வாய்விட்டு வாசிங்க, வீட்டுல பாட்டியோ அம்மாச்சியோ இருந்தா கேக்குற தூரத்துல இருந்து வாசிங்க. "இப்பிடித்தான் எங்க அம்மையும் பேசுவா"ன்னு அவங்க சொல்லத் தொடங்கினா புக்க மூடி வச்சிட்டு அதக் கேளுங்க, அந்த ஒரு குறுக்கீடு மட்டும் பரவாயில்ல.

முடிச்ச உடனே ஸ்டேட்டஸ் போடுறது, அஞ்சுக்கு இத்தன ஸ்டார்னு மார்க் போடுறது, லீவு முடியுறதுக்குள்ள ஏழு புக்குன்னு டார்கெட் வச்சு அன்னைக்கு சாயங்காலமே அடுத்தத எடுக்கிறது, இதெல்லாம் வேண்டாம். நேரம் மிச்சம் இருந்தா மறுநாள் அதே புக்கோட முதல் அத்தியாயத்த திரும்ப வாசிங்க, கதை தெரிஞ்ச பிறகு அந்தப் பக்கங்கள்ல முன்ன கண்ணுல படாத வரி ரெண்டு மூணாவது கிடைக்கும். யாருக்காவது குடுக்கணும்னு தோணிச்சுன்னா லீவு முடியுறதுக்குள்ளேயே குடுத்துருங்க, ஸ்கூல் திறந்துட்டா அவங்களுக்கும் ஒரு மத்தியானம் கிடைக்காது.