புறநகர் ஊர் ஒன்றுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி? பல்லாவரத்தை வைத்துப் பார்ப்போம்

ஊர்க் குறிப்பு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பெயர்க்காரணத்தில்தான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை எல்லையைப் பிடிப்பது. சென்னைப் புறநகரான பல்லாவரத்தின் பெயரில் ரயில் நிலையம், வட்டம், சட்டமன்றத் தொகுதி எல்லாம் இருக்கின்றன. பழைய நகராட்சி ஒன்றும் இருந்தது. பரங்கிமலையோடு சேர்ந்த கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) தனி. இவை எதுவும் ஒரே எல்லைக்குள் அடங்காது. எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மக்கள்தொகையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சிக்குச் சுமார் 2.15 லட்சம் பேர். கண்டோன்மென்ட்டின் சுமார் 44 ஆயிரம் பேர் அதில் சேரவில்லை. அப்போது இது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது 2019-இல்தான். எனவே மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டைக் காஞ்சிபுரத்தின் பெயரில் தேட வேண்டும். செங்கல்பட்டு என்று தேடி ‘தரவே இல்லை’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. 2021-இல் நகராட்சியும் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆக, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டும் அன்றைய அமைப்பின் பெயரும் கட்டாயம் வேண்டும்.

எழுத்தறிவு விகிதத்தை நீங்களே கணக்கிட்டால், 0–6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டு மீதிப் பேரால் வகுங்கள். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் குறைந்து காட்டும். மதவாரி எண்ணிக்கை கணக்கெடுப்பின் சி-1 அட்டவணையில் நகர அளவிலேயே கிடைக்கும். சாதிவாரியாக பட்டியல் சாதி, பழங்குடியினரின் மொத்த எண்ணிக்கைக்கு மேல் கணக்கெடுப்பில் நகர அளவில் எதுவும் தேறாது. ‘இங்கே இன்னார்தான் பெரும்பான்மை’ என்று எழுதினால் அது தேர்தல் நேரத்து டீக்கடைக் கணக்கு.

சமூகங்களைப் பட்டியலாகப் போடாதீர்கள். எந்த வேலை, எந்த இடம், எப்போது வந்தது என்று கோத்தால்தான் ஊர் புரியும். ராணுவம் வந்ததால் கண்டோன்மென்ட். அதையும் ரயில்வே வேலையையும் ஒட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள். தோல் பதனிடும் தொழிலால் பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பக்கம் தொழிலாளர் குடியிருப்புகள். அனகாபுத்தூரில் நெசவு, நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணி அங்கே நெய்யப்பட்டது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர்களும் இந்த வழித்தடத்தில் குடியேறினார்கள்.

அடுத்து ஊரை நடந்து பார்ப்பது. இரண்டு நாள் போங்கள், ஒன்று வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். அன்று பழைய டிரங்க் ரோட்டுச் சந்தையில் செடி, பறவை, பழைய மரச்சாமான், கழற்றிய மின்சாதனம் என்று எது எங்கே விற்கிறது, எந்த மொழியில் பேரம் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் குன்றின்மேல் உள்ள பல்லவர் காலக் குடைவரைக்குப் போங்கள். இன்று அது தர்கா. வழிபாட்டுக்கு வருபவர்களுக்கு இடைஞ்சலில்லாமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ‘குடைவரைக் கோயில்’ என்றோ ‘தர்கா’ என்றோ ஒன்றை மட்டும் எழுதினால் பாதித் தகவல்தான். கல்லறைத் தோட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். கல்லில் ஆண்டோடு பல சமயம் தொழிலும் பொறித்திருக்கும்.

பெரியவர்களிடம் ‘ஊர் வரலாறு சொல்லுங்க’ என்று கேட்டால் புராணம்தான் வரும். ‘உங்க தெருவுக்குத் தண்ணி முன்னாடி எங்கிருந்து வந்துச்சு?’, ‘அப்பா எங்க வேலைக்குப் போனார்?’ என்று கேளுங்கள். ஒரே தகவலைத் தொடர்பில்லாத இரண்டு பேர் சொன்னால் எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னால் ‘என்கிறார்கள்’ என்று போடுங்கள்.

தொல்லியலுக்கு இரண்டு வரி போதும்: 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இங்கேதான். இதை மட்டும் ஒரு பக்கத்துக்கு நீட்டி, இன்று வாழும் மக்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கும் குறிப்புகளே அதிகம். முடித்ததும் கண்டோன்மென்ட்டில் ஒருவரிடமும் பம்மலில் ஒருவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். எல்லையில் விட்ட பிழையை அவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.