சின்னத் தொட்டிக்குப் பாசி தின்னும் மீன்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

என் 54 லிட்டர் தொட்டியில் இப்போது ஆறு ஓட்டோசிங்க்லஸ் (சுருக்கமாக ஓட்டோ) என்ற பாசி தின்னும் சின்ன மீன்கள் இருக்கின்றன. வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது, ஆறும் நன்றாக இருக்கின்றன. ஆனால் முதல் தடவை நான்கு வாங்கியபோது மூன்றே வாரத்தில் நான்கையும் பறிகொடுத்தேன். தண்ணீரில் கோளாறு இல்லை, நோயும் இல்லை. அவை பட்டினியில் செத்தன. அது எனக்குப் புரியவே பல நாள் ஆனது. அதே தப்பு இன்னொருவர் தொட்டியிலும் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொட்டி வைப்பது, ஃபில்டர் மாட்டுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வந்திருப்பது என்ன பாசி?

கடைக்குப் போகும் முன் கண்ணாடியை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள்.

பழுப்பாக, தூசு மாதிரி உடனே கையோடு வந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் முதல் சில வாரங்களில் வரும், பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். மெல்லிய பச்சைப் படலமாக இருந்தால் பாசி தின்னும் மீன்கள் விரும்பிச் சாப்பிடும். நகத்தால் சுரண்டினாலும் வராத பச்சைப் புள்ளி என்றால் மீனை நம்பாதீர்கள். நெரைட் நத்தை கொஞ்சம் தின்னும், மீதியை நாம்தான் சுரண்ட வேண்டும். கறுப்பாக, தூரிகை முடி மாதிரி இலை ஓரத்தில் முளைப்பது கருந்தாடிப் பாசி. அதைத் தின்பவை மிகக் குறைவு.

வழவழவென்று போர்வை மாதிரி உரிந்து வருகிறதா, கெட்ட வாடை அடிக்கிறதா? அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதைத் தின்று தீர்க்கும் மீன் எதுவும் கிடையாது. தண்ணீரே பச்சையாக மாறியிருந்தாலும் மீனால் அதைத் தீர்க்க முடியாது.

எந்தப் பாசியாக இருந்தாலும் முதலில் விளக்கைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். விளக்குக்கு டைமர் மாட்டாமல் பாசிக்கு மீன் தேடுவது வீண் வேலை. கண்ணாடி தேய்க்கக் காந்த பிரஷ் வேண்டாம் என்பது என் கருத்து. நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், கண்ணாடி முழுக்கக் கீறல். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

படி 2: லிட்டர் கணக்கு

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 30 தொட்டி 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் இருக்கும் தண்ணீர் அதைவிடக் குறைவு.

40 லிட்டருக்குக் கீழே என்றால் பாசிக்காக மீனே வாங்காதீர்கள். இரண்டு நெரைட் நத்தை, இல்லையென்றால் நாலைந்து செர்ரி இறால். பெரிய மீன் எதுவும் இல்லாத தொட்டியில் இறால்கள் அருமையாக வேலை செய்யும்.

படி 3: வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிசு?

கடையில் "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று முதலில் எடுத்துக் கொடுப்பது சக்கர் ஃபிஷ், அதாவது சாதாரண ப்ளெகோ. கொடுக்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல். 60 சென்டிமீட்டர் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. வளர வளர பாசியிலும் ஆர்வம் குறையும், கழிவு மட்டும் ஏராளமாகப் போடும். இடம் போதவில்லை என்று அதைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவது பெரிய தப்பு. பல நாடுகளில் அது அப்படித்தான் பெருகி, அந்த ஊர் மீன்களுக்குத் தொல்லையாக நிற்கிறது.

பிரிசில்நோஸ் ப்ளெகோ 12 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். நல்ல மீன்தான். ஆனால் 80, 100 லிட்டர் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு மரக்கட்டையும் போடுங்கள்.

அடுத்தது "ஆல்கே ஈட்டர்" என்று மட்டும் எழுதி விற்கும் மீன்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சயாமீஸ் ஆல்கே ஈட்டர் கருந்தாடிப் பாசியைத் தின்னும். அதன் கறுப்புக் கோடு மூக்கிலிருந்து வால் நுனிவரை ஓடும், துடுப்புகள் நிறமில்லாமல் இருக்கும். கறுப்புக் கோட்டுக்கு மேலே தங்க நிறத்தில் இன்னொரு கோடு தெரிந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ்; வளர்ந்தால் சண்டை போடும். வாயை உறிஞ்சான் மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது சைனீஸ் ஆல்கே ஈட்டர். அது பெரிதானதும் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி மேல்தோலை உறிஞ்ச ஆரம்பிக்கும். அசல் சயாமீஸே 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்து தொட்டி முழுக்க ஓடும் மீன் என்பதால் மூன்றுமே சின்னத் தொட்டிக்கு ஆகாது.

சின்னத் தொட்டிக்கு மீனாகத்தான் வேண்டும் என்றால் மிஞ்சுவது ஓட்டோதான். 4 சென்டிமீட்டர். செடியைக் கடிக்காது, யாரோடும் சண்டைக்குப் போகாது.

படி 4: ஓட்டோவைப் பட்டினி போடாமல் கொண்டுவருவது

இங்கேதான் நான் சறுக்கினேன். அப்போது என் தொட்டிக்கு ஒரு மாத வயது. புது மீன் வருகிறதே என்று முந்தின நாள் கண்ணாடி, கல் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். அவற்றின் சாப்பாட்டை நானே துடைத்து எறிந்துவிட்டேன்.

கடைக்கு வரும் ஓட்டோக்கள் பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவை. பிடித்த இடத்திலிருந்து தொட்டிக்கு வந்து சேரும்வரை ஒழுங்கான தீனி கிடைப்பதில்லை. அரைப் பட்டினியோடு வரும் மீனைப் பாசியே இல்லாத தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? சாதாரண மீன்தீனியை அவை திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை இப்படிச் செய்தேன்.

தொட்டிக்கு மூன்று மாதம் ஆகும்வரை காத்திருந்தேன். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தேய்த்தேன், பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் தொடவே இல்லை. கூடவே ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஊற்றி, ஏழெட்டு உருண்டைக் கற்களைப் போட்டு வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். இரண்டு வாரத்தில் கல் மேல் பச்சை பிடித்துவிட்டது. இன்றைக்கும் அந்த ஜாடி அங்கேயே இருக்கிறது. தொட்டியில் பாசி குறைந்தால் இரண்டு பச்சைக் கல் உள்ளே போகும், தின்று தீர்த்த கல் ஜாடிக்குத் திரும்பும்.

கடையில் பார்க்க வேண்டியது வயிறு. ஓட்டோ கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது கீழ்ப்பக்கம் முழுசாகத் தெரியும். வயிறு சின்னப் பயறு மாதிரி உப்பியிருந்தால் சாப்பிடுகிறது. தலைக்குப் பின்னால் குழி விழுந்திருந்தால் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். மீன் வந்து எத்தனை நாள் ஆனது என்றும் கேளுங்கள். அன்றைக்குத்தான் வந்தது என்றால் ஒரு வாரம் கழித்துப் போய், அப்போதும் உயிரோடு, உப்பிய வயிற்றோடு இருப்பவற்றை எடுங்கள். நாலுக்குக் குறையாமல் வாங்குங்கள், ஆறு இன்னும் நல்லது. தனியாக விட்டால் பயந்து ஒளிந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து மீனோடு தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, காற்று ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கினேன். பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்துவிட வேண்டும், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அப்புறம் காய்கறி. வெள்ளரித் துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஆறவைத்து, கல்லோடு கட்டி இரவில் இறக்குங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். முதல் நாலு நாள் ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. ஐந்தாவது நாள் காலையில் விளக்கைப் போட்டபோது மூன்று அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. தோல் மட்டும் வளையமாக மிச்சம்.

பிறகு சேர்த்தது: நோய்க்கு மருந்து ஊற்றியதும் இறால் எல்லாம் செத்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். மருந்துச் சீட்டில் தாமிரம் என்று இருக்கிறதா பாருங்கள். மீனுக்கான அளவே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மருந்தைத் தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொருவர் நெரைட் நத்தை கல்லெல்லாம் வெள்ளைப் புள்ளி வைக்கிறதே, பெருகிவிடுமா என்று கேட்டார். அவை முட்டைதான். நன்னீரில் அவை குஞ்சாக வளராது. பார்க்க உறுத்தினால் சுரண்டிவிடலாம்.

ஓட்டோ திடீரென்று மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வருகிறது என்று மூன்று பேர் பயந்து கேட்டிருந்தீர்கள். அந்த மீனால் காற்றையும் விழுங்கிச் சுவாசிக்க முடியும். எப்போதாவது ஒன்று அப்படிச் செய்தால் கவலை வேண்டாம். எல்லாமே மாறி மாறி மேலே போனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது. ஃபில்டரின் வாயை மேல்மட்டத்துக்குத் தூக்கி நீர்ப்பரப்பு அசையும்படி வையுங்கள். அம்மோனியாவையும் அன்றைக்கே சோதித்துவிடுங்கள்.